அண்ணன் கிடந்த ஆறு வாரமும் மதினி நின்ற படிப்புரையும்

எங்கள் அண்ணன் ஆண்டவருடைய சமுகத்துக்குப் போய் இன்றோடு ஒரு வருஷம் நிறைகிறது. அவருக்காகக் கூடி ஜெபிக்கவும், அவர் வீட்டில் ஒரு பிடி சோறு உண்ணவும் வந்திருக்கிற உற்றார் உறவினர் எல்லாருக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று எங்கள் சித்தப்பா சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக் கொடுக்கிறவள் நான்தானாம். பிறப்பு, வளர்ப்பு, குணம், முடிவு என்று நாலு பக்கத்தில் முடித்துவிடு, வேறு எதையும் இழுக்காதே என்றும் சொன்னார். சொன்னதில் முதல் பாதிக்குக் கீழ்ப்படிகிறேன். மறுபாதிக்குக் கீழ்ப்படிய என்னால் ஆகவில்லை.

ஏனென்றால் எங்கள் மதினி, இந்த நினைவு நாள் முடிந்ததும் மார்த்தாண்டத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகப்போகிறார். கேட்டால், "கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வாறேன்" என்கிறார். பெட்டியில் மடித்து வைத்திருக்கிற துணியைப் பார்த்தால் கொஞ்ச நாளுக்கு உரியதாகத் தெரியவில்லை. அவர் ஏன் போகிறார் என்பது எனக்கும் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். அண்ணன் எந்த நோயால் போனார் என்பதை நம் குடும்பம் இன்னும் சரியாக அறிந்துகொள்ளவில்லை. அறியாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே இந்த மலரில் வாழ்க்கை வரலாற்றோடு கொஞ்சம் வைத்தியமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது இதே வீட்டின் மேற்கு அறையில். பேச்சிப்பாறை அணை கட்டி, அந்த வெள்ளம் நம் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த காலத்தில் அவர் மீசை முளைக்காத பையன். அந்த நாட்களில் ஒரு காலை, வயலில் ஏர் பூட்டிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவே இல்லை. அப்பாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அன்று காலையில் அம்மை அவருக்குப் பழங்கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்து அனுப்பியிருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "பழையதும் கருவாடும் சேந்தா வாயு நெஞ்சில கேறாதா?" என்று அம்மையின் காதுபடவே பேசினார்கள். அம்மை ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. ஆனால் தான் கண்மூடும் வரைக்கும் இந்த வீட்டில் கருவாடு சுடவில்லை. எனக்கோ கருவாடு என்றால் உயிர். அடுத்த வீட்டில் தின்றுவிட்டு, கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அப்பா போனதோடு அண்ணனின் படிப்பும் போயிற்று. மேழி பிடிக்கிற உயரம் வருவதற்கு முன்பே மேழி பிடித்தார். என்னை நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் சேர்த்தார். பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களிடம், "ரெண்டு பேரும் படிக்காம இருந்தா வீட்டுக்கு ஒரு காயிதம் வந்தா வாசிக்க யாரு?" என்று கேட்டு வாயை அடைத்தார். நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த அன்று, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விடுவதுபோல் வகுப்பு வாசல் வரைக்கும் கூடவே வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அழுகை வருகிறது.

மதினியை மார்த்தாண்டத்துப் பக்கத்திலிருந்து கட்டி வந்தார். மேற்கத்திக்காரி என்று அன்றைக்கே ஒரு முத்திரை குத்தினோம். முடியாது என்று நாம் சொல்கிற இடத்தில் அவர் "பற்றாது" என்பார். பெண்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மதினியும் கூடச் சிரிப்பார். அவர்களுக்கு ஒரே மகள். அண்ணன் கிடந்த நாட்களில் அவள் நாகர்கோவில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது திருவனந்தபுரத்தில் நல்ல இடத்தில் வாழ்கிறாள்.

அண்ணனின் குணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு குணத்தை மட்டும் சொல்கிறேன், கதைக்கு அது தேவை. வீட்டுக்கு வருகிற ஆள் வாசல் திண்ணையாகிய படிப்புரையில் கால் வைத்ததும் அண்ணன் எழும்பிவிடுவார். வந்தவர் பெரியவரோ சின்னவரோ, உறவோ அயலோ, "வாருங்கோ, வாருங்கோ" என்று எழும்பி நின்று, அவர் இருந்த பிறகுதான் தான் இருப்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் இதே கதைதான். குளிர்காய்ச்சலில் போர்த்திக் கிடந்த ஒரு நாள் உபதேசியார் பார்க்க வந்தார். அண்ணன் போர்வையோடு எழும்பி, பல் கிடுகிடுக்க நின்று வரவேற்றார். "நீங்க படுத்தாத்தான் நான் ஜெபம் பண்ணுவேன்" என்று உபதேசியார் பயமுறுத்த வேண்டியிருந்தது. அதுபோலவே, ஊரில் யாருக்குத் தீனம், காய்ச்சல் என்றாலும் இளநீரோடு முதலில் போய் நிற்கிறவரும் அண்ணன்தான். தீனக்காரனைப் போய்ப் பார்ப்பது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய கடமை! போகாதவன் பகையாளி, பார்க்க விடாதவன் அதைவிடப் பெரிய பகையாளி.

நெஞ்சு வேதனை முதலில் வந்தது ஒரு அறுப்பின் பண்டிகை நாளில். ஸ்தோத்திரக் காணிக்கையாக ஒரு மூட்டை நெல்லைத் தோளில் ஏற்றிக் கோவிலில் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் இடது கையைத் தடவிக்கொண்டார்.

"என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லட்டி. மூட்ட தூக்கினதுல கை கடுக்குது. தாடையிலயும் ஒரு குத்து. பல்லு வேதனையா இருக்கும்."

கை, தாடை என்றதால் நெஞ்சை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போலிருக்கிறது என்றார். வேர்வை நெற்றியிலிருந்து தாரையாக ஓடியது. பண்டிகைக்கு வந்திருந்த சித்தப்பா உடனே வாயு என்று முடிவு கட்டினார். இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போட்ட வெந்நீர் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மதினியின் தம்பி கொண்டுவந்த பலாச்சக்கைப் பழத்தில் அண்ணன் நாலு சுளை தின்றிருந்தார். அது யாருக்கோ ஓர்மை வந்தது. "சக்கப்பழ வாயுதான். ஏலே, எழும்பி நட. நடந்தா எல்லாம் கலைஞ்சிரும்" என்று சித்தப்பா அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்து முற்றத்தில் நடத்தினார். அண்ணனும் பெரியவர் சொல் தட்டாமல் நடந்தார்.

மதினி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் உதடு நீலம் பாய்வதைக் கண்டதும் இறங்கி வந்து, பெரியவர்கள் நிற்கிற முற்றம் என்றும் பாராமல், அண்ணனின் மறு கையைப் பிடித்தார். "மாமா, இது வாயு இல்ல. கிடத்துங்கோ. இனி நடத்தினா பற்றாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஓடியது.

டாக்டர் ஐயா காரில் வந்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார், குழலை வைத்து நெஞ்சைக் கேட்டார், மார்பியா ஊசி போட்டார். வேதனை தணிந்து அண்ணன் முகம் தெளிந்தது. டாக்டர் நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. அண்ணன் கிடந்தபடியே கேட்டார்:

"டாக்டர் ஐயா, உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகது நெஞ்சுதானே? அதுக்கே ரத்தம் கிட்டாமப் போறது எப்பிடி?"

"உங்க வயலுக்கு மேல தாய்வாய்க்கால்ல வெள்ளம் நெறஞ்சு போகுது. உங்க மடையில மட்டும் களிமண்ணு அடைச்சா என்ன ஆகும்?"

"எனக்க வயலு காயும்."

"அதுதான் காரியம். இருதயத்துக்குள்ள எவ்வளவு ரத்தம் போனாலும், அந்த இருதயத்துத் தசைக்குன்னு தனியா சின்னக் குழாய்கள் உண்டு. அதுல ஒண்ணுல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அந்தக் குழாயை நம்பி இருந்த தசை செத்துப்போச்சு."

டாக்டர் நிதானமாக மீதியையும் சொன்னார். அடைத்ததைக் கரைக்கிற மருந்து இன்னும் யாரிடமும் இல்லை. வேதனைக்கு ஊசி உண்டு. மறுபடியும் இறுக்கம் வந்தால் உடைத்து முகர, பஞ்சு சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள் உண்டு. அதற்கு மேல் உள்ள வைத்தியம் கிடப்பது ஒன்றுதான். செத்த தசை ஆறித் தழும்பு கட்டும் வரைக்கும் அந்த இடம் புதிதாக மண் போட்ட வரப்புபோல் இருக்குமாம். வெள்ளம் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலும் உடைந்துவிடுமாம். ஆறு வாரம் மல்லாந்து கிடக்க வேண்டும், எழும்பக்கூடாது, தன் கையால் சோறு உண்ணக்கூடாது, மலம் கழிக்க முக்கக்கூடாது, கோபமும் கூடாது, அதிக சந்தோஷமும் கூடாது. பார்க்க ஆள் வருவது கூடவே கூடாது.

சக்கைப்பழத்தைப் பற்றி நானே டாக்டரிடம் கேட்டேன். "பழம் வயித்துக்குப் போகும், இந்தக் குழாய்க்குப் போகாது. அடைப்பு ஒரு நாள்ல வந்ததும் இல்ல, வருஷக்கணக்கா உள்ளே குழாய் சுருங்கிக்கிட்டு இருந்திருக்கும்" என்றார். அப்புறம், அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். அண்ணன் சொன்னார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "அவருக்கும் இதே நோயா இருந்திருக்கலாம். சில குடும்பங்கள்ல இது வருது" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அம்மையின் நினைவுதான். பழங்கஞ்சியும் கருவாடும் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று சொல்ல, அம்மை அதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

மதினி டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவிய எழும்பாம கிடந்தா போதுமா?"

"போதும். ஆனா கஷ்டம்."

"கிடத்திக்கிடலாம்" என்றார் மதினி.

ஆறு வாரம் என்று வாயால் சொல்வது எளிது. அண்ணனைப் போன்ற ஒருவரைக் கிடத்துவது ஆற்று வெள்ளத்தை முந்தானையில் கட்டுகிற வேலை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் கை தூக்க விடவில்லை. மதினியே விசிறினார், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார், கிடந்த கிடையில் துடைத்து விட்டார். "ஏட்டி, உனக்க மதினி என்னைத் தொட்டில் பிள்ளையாக்கிட்டா. இனி தாராட்டு ஒண்ணுதான் பாக்கி" என்று அண்ணன் என்னிடம் முறையிடுவார். மதினி அடுத்த கரண்டியை நீட்டிக்கொண்டே, "பாட்டு படிச்சாத்தான் மிச்சக் கஞ்சி இறங்குமானா படிக்கேன்" என்பார்.

சோதனை உறவினர் உருவில் வந்தது. முதல் வாரத்தில் அம்மையின் அக்காளான எங்கள் பெரியம்மை, முன்வாசலில் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் புழக்கடை வழியாக வந்துவிட்டார். மதினி கிணற்றடியில், நான் பள்ளிக்கூடத்தில். "மக்கா, உனக்கு என்னடே வந்துது?" என்ற குரல் கேட்டதும் அண்ணன் பழக்கத்தில் கையூன்றி எழும்பி, "வாருங்கோ பெரியம்மை" என்றிருக்கிறார். அந்த வார்த்தை முடியும் முன்னே நெஞ்சு இறுகிவிட்டது. மதினி ஓடிவந்து கிடத்தி, குப்பியைத் துணியில் வைத்து உடைத்து மூக்கருகே பிடித்திருக்கிறார். நான் வீட்டுக்கு வரும்போது அறை முழுக்க அந்த மருந்தின் புளித்த வாடை. மதினி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மையை அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. மறுநாள் காலையில் புழக்கடைக் கதவுக்குத் தாழ் போட்டார். முன்னால் படிப்புரையில் ஒரு பெஞ்சை இழுத்துக் குறுக்கே போட்டு, வீட்டு வேலை போக மீதி நேரமெல்லாம் அதில் இருந்துகொண்டார். அவர் உள்ளே இருக்கும்போது நான் இருந்தேன்.

சித்தப்பா இளநீர்க் குலையோடு வந்த நாள் எனக்கு நன்றாக ஓர்மையிருக்கிறது. சித்தப்பா இதை வாசித்து என்மேல் வருத்தப்பட மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

"எனக்க அண்ணன் மகனைப் பாக்க நான் உனக்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"கோவப்படாதுங்கோ மாமா. உங்களைக் கண்டா அவிய எழும்புவாவ."

"எழும்பினா என்ன? நல்லதுதானே?"

"எழும்பினா, பெறவு கிடத்துகதுக்கு ஆளு இருக்காது மாமா. பற்றாது."

சித்தப்பா இளநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். இப்படித்தான் ஒவ்வொருவரும் போனீர்கள். கோட்டாற்றுச் சந்தையிலிருந்து ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு நடந்து வந்தவர்கள் உண்டு. மேற்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் மதினி நின்றுகொண்டே பதில் சொன்னார், எல்லாருக்கும் ஒரே பதில். தன் சொந்தத் தம்பியையும் அதே பெஞ்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே திருப்பி அனுப்பினார். அதை உங்களில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீங்கள் திரும்பிப் போனதும் மதினி உள்ளே வந்து, கட்டிலருகே நின்று, "சித்தப்பா வந்திருக்காவ", "பெரியம்மைக்க மகன் வந்திருக்கான்" என்று அண்ணனிடம் மெதுவாகச் சொல்வார். அண்ணன் கிடந்தபடியே, தலையைக்கூட அசைக்காமல், "வாருங்கோ, வாருங்கோ" என்பார். மதினி, "இருந்தாச்சு" என்பார். அதன் பிறகுதான் அண்ணன் கண்ணை மூடுவார். ஒருவரைக்கூட விடாமல், வந்த எல்லாரையும் அவர் அப்படி வரவேற்றார். நீங்கள் அவமானப்பட்டதாக நினைத்துப் போன அந்த நேரத்தில், உள்ளே உங்களுக்கு மரியாதை நடந்துகொண்டிருந்தது.

ஆறு வாரம் கழிந்து டாக்டர் ஐயா அண்ணனை எழுப்பி உட்கார வைத்தார். அப்புறம் நாற்காலி, அப்புறம் அறைக்குள் நாலடி, அப்புறம் முற்றம். "இந்த அம்மா காவல் இருக்கலைன்னா நான் வைத்தியம் பார்த்தது வீண்" என்று டாக்டர் எங்கள் முன்னால் சொன்னார். மூட்டை தூக்கவும் மேழி பிடிக்கவும் இனிக் கூடாது என்றார். அண்ணன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வரப்பில் குடையோடு நின்று யோசனை சொல்கிற மனுஷரானார்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், வண்டியில் வைக்கோல் பரப்பி உட்கார்ந்து, திரும்பிப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனது. "அன்னைக்கு எழும்ப முடியாமப் போச்சு. இன்னைக்கு நானே வந்துட்டேன்" என்பார். எல்லாரும் அழுதீர்கள், கட்டிப்பிடித்தீர்கள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தீர்கள். பெரியம்மை மட்டும் கிளம்பும் நேரத்தில், "உனக்க பெண்டாட்டி எங்களை வாசல்ல நாயைப் போல நிறுத்திட்டாளே மக்கா" என்றார். அண்ணன் சிரித்தார். "அவ எமனை நிறுத்தினா பெரியம்மை. இடையில நீங்க மாட்டிப் போனியோ." சபையார் எமனைச் சொல்லலாமா என்று உபதேசியார் என்னிடம் கேட்க வேண்டாம். சொன்னது அண்ணன். அண்ணனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. மதினிக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டவர் இரண்டு வருஷத்துக்கு மேலாகவே அவரை எங்களுக்குத் தந்தார். மகளின் கல்யாணத்தை அவர் இருந்து நடத்தினார். பேரனின் ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் வாங்கினார். ஒரு மழைக்கால விடியற்காலையில் பழைய வேதனை மறுபடியும் வந்தது. யாரும் நடத்தவில்லை, யாரும் கஷாயம் கொடுக்கவில்லை. மதினி உடனே கிடத்தினார், குப்பியை உடைத்தார், நான் டாக்டரை அழைக்க ஓடினேன். டாக்டர் வந்தார், ஊசியும் போட்டார். வெயில் ஏறுவதற்குள் அண்ணன் மதினியின் கையைப் பிடித்தபடி போய்விட்டார். இந்த முறை பெரிய குழாய் அடைத்திருக்கும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் ஐயா சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அந்தத் துக்க வீட்டில், பெட்டி மூடுவதற்கு முன்பே, சக்கைப்பழப் பேச்சு மறுபடியும் வந்தது. உயிரோடு இருக்கும்போது பார்க்க விடாதவள் என்ற பேச்சும் கூட வந்தது. யார் சொன்னது என்று எழுதமாட்டேன். மதினி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மையைப் போலவே அவரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் பயம். அண்ணனை முற்றத்தில் நடத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அறிந்ததை அன்பினால் செய்தார்கள். அதே நியாயத்தைத்தான் மதினிக்கும் கேட்கிறேன். அவர் செய்ததும் அன்பு, செய்தது சரியாகவும் இருந்தது.

இனி நன்றி. நேரம் பாராமல் வந்து உதவிய டாக்டர் ஐயாவுக்கும், ஊசியும் மருந்தும் கொண்டுவந்த நர்சம்மாவுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அடக்கத்தில் பெட்டி சுமந்தவர்களுக்கும், இன்றைய காரியங்களைத் தலைமேல் போட்டு நடத்துகிற சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டு ஆளுக்கு நன்றி சொல்கிற வழக்கம் இந்த மாதிரி மலர்களில் இல்லை. மனைவியின் பெயர் துக்கப்படுகிறவர்களின் வரிசையில்தான் வரும். நான் அந்த வழக்கத்தை இன்று மீறுகிறேன். எங்கள் அண்ணனை இரண்டு வருஷம் கூடுதலாக எங்களுக்குத் தந்த மதினிக்கு என் நன்றி.

பந்திக்கு இலை போட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. மதினி அடுக்களையில் நிற்கிறார், உங்கள் முன்னால் வரத் தயங்கிக்கொண்டு. மார்த்தாண்டத்திலிருந்து நாளைக் காலையில் வண்டி வரச் சொல்லியிருக்கிறார். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் சொன்னால் போதாது. அவர் திருப்பி அனுப்பியவர்கள் சொல்ல வேண்டும். இதை வாசித்து முடித்தவர்கள் தயவுசெய்து எழும்பி, அடுக்களை வாசல் வரைக்கும் போங்கள்.